ஸ்கெட்ச் கோணாமல் நிற்க: கேட் வரைபடத்தில் ஜியோமெட்ரிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடும் முழுமையான வழிகாட்டி

கேட் (CAD, கணினியில் வரைபடம் போடுவது) படித்துவிட்டு புதுச்சேரி, கடலூர் பக்கப் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோடு போடத் தெரிகிறது, அளவு கொடுக்கத் தெரிகிறது, படமும் பார்க்க நன்றாக இருக்கிறது. மறுநாள் ஒரே ஒரு அளவை மாற்றச் சொன்னால் படம் முழுக்கக் கோணிக்கொள்கிறது. எந்தக் கோடு எதைச் சார்ந்து நிற்க வேண்டும் என்று சொல்லாமல் வெறும் எண்களை மட்டும் போட்டிருப்பதால் வரும் கோளாறு இது. அப்படிச் சொல்லிவைக்கும் கட்டுப்பாட்டுக்குத்தான் கன்ஸ்ட்ரெயின்ட் என்று பெயர்.

கீழே ஒரே ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போகிறேன். கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு கூடவே செய்யுங்கள். நான் ஃப்ரீகேட் 1.0 வைத்துச் சொல்கிறேன், அது இலவசம். சாலிட்வொர்க்ஸ், ஃபியூஷன் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. மவுசைத் தொடும் முன்: எந்த அளவு எங்கிருந்து வருகிறது

வேலை இது. கடலூர் ஓ.டி. துறைமுகத்துப் பக்கம் ஐஸ் உடைக்கும் மெஷின் ஒன்று. பெல்ட்டில் ஓடுவது. 2 எச்.பி., நான்கு போல் (காந்த முனை) மோட்டார், ஃப்ரேம் அளவு, அதாவது மோட்டார் உடலின் அளவைக் குறிக்கும் எண், 90எல். அந்த மோட்டார் உட்காரும் அடித்தகடு நமக்கு வேண்டும். பெல்ட்டை இழுத்து இறுக்க மோட்டார் நகர வேண்டும் என்பதால், வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை நான்கு.

ஒரு தாளில் அளவுகளை மூன்று கூட்டமாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் கூட்டம், மோட்டார் கட்டளையிடும் அளவுகள். 90எல் ஃப்ரேமுக்கு ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்பொருள் தரப்படி, ஷாஃப்ட்டுக்குக் குறுக்கே கால் துளைகளின் இடைவெளி 140 மி.மீ., ஷாஃப்ட் போகும் வாக்கில் 125 மி.மீ., கால் துளை 10 மி.மீ.

இரண்டாவது, நாம் முடிவு செய்யும் அளவுகள். பெல்ட் இறுக்க 30 மி.மீ. நகர்வு வைக்கலாம். போல்ட் கடைசியாக நகர்ந்து நிற்கும் மையத்திலிருந்து தகட்டு விளிம்புவரை 25 மி.மீ.

மூன்றாவது, தானாக விழும் அளவுகள். தகட்டின் நீளம் 140, 30, 25, 25 சேர்ந்து 220. அகலம் 125, 25, 25 சேர்ந்து 175.

முதல் இரண்டு கூட்டத்தில் மொத்தம் ஆறு எண்கள் வருவதைக் கவனியுங்கள்: 140, 125, துளையின் 10, 30, நீளவாக்கில் ஒரு 25, அகலவாக்கில் ஒரு 25. ஸ்கெட்ச்சில் நீங்கள் தட்டப்போவது இந்த ஆறு மட்டும்தான். 220-ஐயும் 175-ஐயும் எங்கேயும் தட்டக் கூடாது. தட்டிவிட்டால் நாளைக்கு மோட்டார் மாறும்போது துளைகள் நகரும், தகடு நகராது, விளிம்பில் இரும்பே மிஞ்சாது. நான் பார்த்த கோணல் ஸ்கெட்ச்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர், இந்த மூன்றாவது கூட்டத்தை முதல் கூட்டமாக நினைத்ததுதான்.

அட்டவணையை மட்டும் நம்பிவிடாதீர்கள். உப்புக்காற்றில் பல வருடம் கிடந்த மோட்டாருக்குக் காலை வெட்டி வேறு கால் வெல்டு வைத்திருப்பார்கள். வெர்னியரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். மையத்திலிருந்து மையம் அளக்க, ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம்வரை அளந்தால் போதும். இரண்டு துளையும் ஒரே விட்டமாக இருந்தால் அதுவே மைய இடைவெளி.

2. மென்பொருளைத் தயார் செய்தல்

ஃப்ரீகேட்டின் பார்ட் டிசைன் பகுதியில் ஒரு பாடி (பொருளின் எல்லாப் படிகளையும் தாங்கும் கூடு) உருவாக்கி, எக்ஸ்-ஒய் தளத்தில் புதிய ஸ்கெட்ச் (தட்டையான வரைபடம்) திறங்கள். யூனிட் மி.மீ. என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட் வசதி ஆன் ஆக இருக்கட்டும். கிட்டத்தட்டப் படுக்கையாக இழுத்த கோட்டுக்கு அதுவே ஹாரிசான்டல் போட்டுவிடும், வேலை பாதி குறையும். ஆனால் உபரி கன்ஸ்ட்ரெயின்ட்டைத் தானாக நீக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. கற்றுக்கொள்ளும்வரை அதை ஆஃப் செய்துவையுங்கள். அது சத்தமில்லாமல் நீக்கிவிட்டால், நீங்கள் எங்கே இரண்டு தடவை ஒரே விஷயத்தைச் சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

3. மிச்சம் எத்தனை அசைவு என்று எண்ணப் பழகுங்கள்

டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்பதை இனி 'அசைவு' என்றே சொல்கிறேன். ஸ்கெட்ச்சில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. புள்ளிக்கு 2. கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 4. வட்டத்துக்கு மையம் 2, ஆரம் 1, ஆக 3. வில்லுக்கு அதோடு தொடக்கமும் முடிவும் சேர்ந்து 5.

கன்ஸ்ட்ரெயின்ட் ஒவ்வொன்றும் சில அசைவுகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனைகளைச் சேர்க்கும் கோயின்சிடென்ட் 2 அசைவை எடுக்கும். ஹாரிசான்டல் (படுக்கை), வெர்டிகல் (நெட்டு), பேரலல் (இணை), பெர்பெண்டிகுலர் (செங்கோணம்), டேஞ்சென்ட் (வளைவைத் தொட்டுச் செல்வது), ஈக்வல் (சமம்) எல்லாம் தலா 1. ஒரு புள்ளியைச் சுற்றிய சிமெட்ரிக் (சமச்சீர்) 2.

ஒரு செவ்வகத்தை எண்ணிப் பாருங்கள். நான்கு கோடு, 16. நான்கு மூலையிலும் கோயின்சிடென்ட், 8 போய் 8 மிச்சம். இரண்டு ஹாரிசான்டல், இரண்டு வெர்டிகல், 4 மிச்சம். அந்த நான்கு என்ன? நீளம், அகலம், அது உட்கார்ந்திருக்கும் இடத்தின் குறுக்கும் நெடுக்கும்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஃப்ரீகேட்டின் இடப்பக்கப் பலகையில் இந்த மிச்ச எண்ணிக்கை எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் எத்தனை மிச்சம் இருக்க வேண்டும் என்று உங்கள் மனக்கணக்கு ஒன்று சொல்லும், பலகை ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத அந்த நொடியிலேயே தவறு பிடிபட்டுவிடும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு தேடினால் ஐம்பது கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும்.

சாலிட்வொர்க்ஸிலும் ஃபியூஷனிலும் நீலக் கோடு என்றால் இன்னும் அசைகிறது, கறுப்பு என்றால் பிடிபட்டது. ஃப்ரீகேட்டில் முழுக்கப் பிடிபட்டது பச்சை. தீம் மாற்றியிருந்தால் நிறம் வேறாக இருக்கலாம், எண்ணிக்கையை நம்புங்கள்.

4. வெளிச் செவ்வகம்: மூலப்புள்ளியைச் சுற்றி

மையத்திலிருந்து வரையும் செவ்வகக் கருவியை எடுத்து, மூலப்புள்ளியில் (எக்ஸ், ஒய் அச்சுகள் வெட்டும் இடம்) தொடங்கி இழுங்கள். ஏறத்தாழ 220-க்கு 175 பக்கத்தில் விடுங்கள். அச்சாக வேண்டியதில்லை, ஆனால் பத்து மடங்கு சின்னதாகவும் இருக்கக் கூடாது. காரணம் 7-ம் பகுதியில்.

அந்தக் கருவி இல்லாவிட்டால் சாதாரணச் செவ்வகம் வரைந்து, எதிரெதிர் மூலைகள் இரண்டைத் தேர்ந்து, மூன்றாவதாக மூலப்புள்ளியைத் தேர்ந்து சிமெட்ரிக் போடுங்கள். ஃப்ரீகேட்டில் கடைசியாகத் தொட்டதுதான் சமச்சீரின் மையம். வரிசை மாறினால் விளைவும் மாறும்.

மூலையை மூலப்புள்ளியில் வைப்பதைவிட மையத்தை வைப்பது ஏன் நல்லது? மோட்டார் கால்கள் சமச்சீரானவை. மையத்தில் மாட்டினால், எந்த அளவு மாறினாலும் தகடு நாலா பக்கமும் சமமாக விரியும். ஷாஃப்ட்டின் மையக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கும், அசெம்பிளியில் புல்லி விலகாது. ஒரு மூலையில் மாட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மையம் ஒதுங்கிப் போகும்.

இப்போது பலகையில் 2 அசைவு மிச்சம் இருக்க வேண்டும். 4 என்று காட்டினால் சிமெட்ரிக் விழவில்லை.

5. துணைக்கோட்டுச் செவ்வகம்

அதே கருவியால் மூலப்புள்ளியைச் சுற்றி உள்ளே இன்னொரு செவ்வகம், ஏறத்தாழ 140-க்கு 125. அதன் நான்கு கோடுகளையும் தேர்ந்து கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக மாற்றிவிடுங்கள். ஃப்ரீகேட்டில் நீலமாகும். மொத்தம் 4 அசைவு மிச்சம்.

இந்தச் செவ்வகத்தின் நான்கு மூலைகள்தான் மோட்டாரின் நான்கு கால் துளைகள். இதை வரையாமல், ஒவ்வொரு துளைக்கும் விளிம்பிலிருந்து இரண்டு இரண்டு அளவாக எட்டு அளவு போடுவதுதான் புதியவர்களின் வழக்கம். எட்டு எண் தட்டினால் எட்டு இடத்தில் தவறலாம். 140 என்ற எண் அந்தப் படத்தில் எங்கேயுமே இருக்காது. பட்டறையில் ஃபிட்டர் அண்ணன் படத்தைக் கையில் வாங்கி, "தம்பி, மோட்டார் கால் இடைவெளி இதுல எங்க இருக்கு?" என்று கேட்டால், கழித்துச் சொல்ல வேண்டிவரும். துணைக்கோடு போட்டால் மோட்டார் அட்டவணையில் இருக்கும் எண்ணே படத்திலும் நேராக இருக்கும்.

துணைக்கோடு தாராளமாகப் போடலாம். அது திடப்பொருளாக எழும்பாது, வெட்டவும் போகாது.

6. நான்கு நீள்துளைகள்

அதிகம் பேர் தடுமாறும் பகுதி இது. நிதானமாகப் போகலாம்.

ஸ்லாட் கருவியை எடுத்து, துணைச் செவ்வகத்தின் வலது மேல் மூலைக்குப் பக்கத்தில் ஒரு நீள்துளையைப் படுக்கையாக இழுங்கள். படுக்கை ஏன் என்றால், நமது ஸ்கெட்ச்சில் ஷாஃப்ட் நெட்டுவாக்கில் போகிறது. பெல்ட்டை இறுக்க மோட்டார் ஷாஃப்ட்டுக்குக் குறுக்கே நகர வேண்டும். துளையை நெட்டாக வைத்துவிட்டால் மோட்டார் நகரும், பெல்ட் இறுகாது, புல்லிகள் ஒன்றுக்கொன்று நேர் விலகிப்போகும்.

மூலையின் மேலேயே வைத்து வரையாதீர்கள், கொஞ்சம் தள்ளி வரையுங்கள். மேலேயே வரைந்தால் வில்லின் மையம் மூலைப்புள்ளியில் தானாக ஒட்டிக்கொள்ளும். நமக்கு ஒட்ட வேண்டியது வில்லின் மையம் அல்ல, துளையின் நடு.

ஒரு நீள்துளைக்கு மிச்சம் 4 அசைவு: இடம் இரண்டு, நீளம், ஆரம். 5 கூடியிருந்தால் அது சாய்ந்திருக்கிறது. ஒரு நேர்கோட்டுக்கு ஹாரிசான்டல் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும். இரண்டு கோடும் எப்படியும் இணைதான், இரண்டாவதற்கும் போட்டால் உபரி என்று கத்தும்.

ஸ்லாட் கருவி இல்லாமல் கையால் வரைபவர்கள் டேஞ்சென்ட்டில் சறுக்குவார்கள். கோட்டையும் வில்லையும் தேர்ந்து டேஞ்சென்ட் போட்டால், அந்தக் கோட்டை நீட்டினால் எங்கோ வில்லின் வட்டத்தைத் தொடும் என்பது மட்டும்தான் உறுதியாகும். முனையும் முனையும் சேராது. கோட்டின் முனைப்புள்ளியையும் வில்லின் முனைப்புள்ளியையும் தேர்ந்து டேஞ்சென்ட் போடுங்கள். சேர்வதும் தொடுவதும் ஒரே கன்ஸ்ட்ரெயின்ட்டில் முடிந்துவிடும். தனியாகக் கோயின்சிடென்ட் வேண்டாம்.

மற்ற மூன்று மூலைகளுக்கும் இதேபோல் வரையுங்கள். இப்போது 4-ஓடு 16 சேர்ந்து 20 அசைவு.

அடுத்தது ஈக்வல். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரே ஒரு வில், ஆக நான்கு வில்களைத் தேர்ந்து ஈக்வல் போடுங்கள். 17 ஆகும். பிறகு ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரே ஒரு நேர்கோடு, நான்குக்கும் ஈக்வல். 14.

எட்டு வில்லையும் சேர்த்துத் தேர்ந்தால் என்ன ஆகும்? ஸ்லாட் கருவி ஏற்கெனவே ஒவ்வொரு துளையின் இரண்டு வில்லையும் சமமாக்கி வைத்திருக்கிறது. அதையே மறுபடி சொன்னதாகி, உபரி எச்சரிக்கை வரும். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் இங்கே விழுவார்கள். பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு கன்ட்ரோல்-இசட் போதும்.

கடைசியாக சிமெட்ரிக். வலது மேல் துளையின் இடது வில் மையம், வலது வில் மையம், மூன்றாவதாகத் துணைச் செவ்வகத்தின் வலது மேல் மூலை. சிமெட்ரிக் போட்டதும் துளை ஓடிவந்து மூலையில் நடுவாக உட்காரும். மற்ற மூன்றுக்கும் அதேபோல். ஒவ்வொன்றும் 2 எடுக்கும். 14-இல் 8 போய் 6 மிச்சம்.

சாலிட்வொர்க்ஸில் மையப்புள்ளியோடு வரும் ஸ்லாட் கருவி உண்டு. அதன் மையத்தை மூலையோடு கோயின்சிடென்ட் செய்தால் இந்த சிமெட்ரிக் வேலை மிச்சம்.

ஆறு மிச்சம். தாளில் எழுதிய எண்களும் ஆறு. இரண்டும் ஒன்றாக வந்தால், படத்தின் அமைப்பை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்று பொருள். இன்னும் ஒரு எண்கூடத் தட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போதே ஒரு சோதனை. துணைச் செவ்வகத்தின் ஒரு மூலையை மவுசால் பிடித்து இழுங்கள். மற்ற மூன்று மூலைகளும் சமமாக நகர வேண்டும், நான்கு துளைகளும் கூடவே போக வேண்டும். ஒரு துளை மட்டும் பின்தங்கினால் அதன் சிமெட்ரிக் விட்டுப்போயிருக்கிறது. ஒரு துளையின் வில்லை இழுத்துப் பெரிதாக்குங்கள். நான்கும் சேர்ந்து பருக்க வேண்டும். அளவு போட்ட பிறகு எதுவும் அசையாது, இந்தச் சோதனையைச் செய்யவும் முடியாது. அதனால்தான் எண்களைக் கடைசிக்குத் தள்ளினோம்.

7. அளவுகள், இந்த வரிசையில்

துணைச் செவ்வகத்தின் படுக்கைக் கோட்டுக்கு 140. நெட்டுக் கோட்டுக்கு 125. ஏதாவது ஒரு வில்லுக்கு ஆரம் 5, அதாவது துளையின் 10-இல் பாதி. ஏதாவது ஒரு துளையின் நேர்கோட்டுக்கு 30.

இந்த 30 பற்றி ஒரு வார்த்தை. நேர்கோட்டின் நீளம் என்பது ஒரு வில்லின் மையத்திலிருந்து அடுத்த வில்லின் மையம்வரை. போல்ட் நகரும் தூரமும் அதேதான். துளையின் முழு நீளம் 40. வாடிக்கையாளர் "40 நீளத் துளை" என்று சொன்னால், அவர் ஓரத்துக்கு ஓரம் சொல்கிறாரா, நகர்வைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் வெட்டிய தகடுகள் பழைய இரும்புக் கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு விளிம்பு. வலது மேல் துளையின் வலது வில் மையத்தையும் தகட்டின் வலது விளிம்புக் கோட்டையும் தேர்ந்து 25. அதே மையத்தையும் மேல் விளிம்புக் கோட்டையும் தேர்ந்து 25. மிச்சம் 0. எல்லாம் பச்சை.

விளிம்பு அளவுக்குத் தகட்டின் மூலைப்புள்ளியைத் தேர்ந்தெடுக்காமல் கோட்டையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். மூலையை வளைத்தால் அந்தப் புள்ளி காணாமல் போகலாம், கோடு இருக்கும்.

இனி ஏறத்தாழ சரியான அளவில் வரையச் சொன்ன காரணம். வெளிச் செவ்வகத்தைச் சும்மா 100-க்கு 100 என்று வரைந்திருந்தால், 140 போட்டதும் துளைகள் தகட்டுக்கு வெளியே போய்விடும். அப்போது விளிம்புக்கு 25 கேட்டால், மென்பொருள் விளிம்பைத் துளைக்கு உள்பக்கமாக 25-இல் நிறுத்திவிடும். கணக்குக்கு அதுவும் 25தான். பச்சையும் ஆகிவிடும். நீங்கள் கேட்டதைத்தான் அது செய்தது. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. அப்படி ஆனால் அந்த அளவை நீக்கி, விளிம்பை வெளியே இழுத்துவிட்டு, மறுபடி போடுங்கள்.

முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் ரெஃபரன்ஸ் அளவாக, அதாவது காட்ட மட்டும் செய்யும் அளவாக, ஒவ்வொன்று போட்டுவையுங்கள். 220, 175 என்று வர வேண்டும்.

அளவுகளுக்குப் பெயரும் வைத்துவிடுங்கள். கன்ஸ்ட்ரெயின்ட் பட்டியலில் வெறும் எண்களாகக் கிடந்தால், ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு எந்த 25 எதன் 25 என்று தெரியாது. பெயர் வைத்தால், இரண்டாவது 25-ஐ முதல் 25-இன் பெயரைச் சொல்லி ஃபார்முலாவாக இணைத்தும் விடலாம்.

8. உபரி, முரண் என்று வந்தால்

இரண்டு வகை எச்சரிக்கை வரும். உபரி என்றால், சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கிறீர்கள். முரண் என்றால், ஒன்றுக்கொன்று ஒத்துவராததைச் சொல்லியிருக்கிறீர்கள். நீளம் தானாக 220 விழும்போது நீங்கள் 220 என்று தட்டினால் உபரி, 230 என்று தட்டினால் முரண்.

ஃப்ரீகேட் பலகையில் அந்தச் செய்தியில் இருக்கும் இணைப்பைச் சொடுக்கினால், சம்பந்தப்பட்ட கன்ஸ்ட்ரெயின்ட்களைத் தேர்ந்து காட்டும். அதில் எதை நீக்குவது? கடைசியாகப் போட்டதை நீக்குவது எளிது, ஆனால் எப்போதும் சரியல்ல. தாளைப் பாருங்கள். மூன்றாவது கூட்டத்து எண் ஏதாவது உள்ளே புகுந்திருந்தால் அதை நீக்குங்கள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தால், ஜியோமெட்ரி கன்ஸ்ட்ரெயின்ட்டில் இரட்டிப்பு இருக்கும்: நான்கு பக்கமும் ஹாரிசான்டல், வெர்டிகல் இருக்கும்போது மூலைக்குப் பெர்பெண்டிகுலர் போட்டது போன்றவை.

எதிர்ப்பக்கமும் உண்டு: எல்லாம் போட்டாகிவிட்டது, ஆனால் 1 அல்லது 2 அசைவு மிச்சம் என்றே நிற்கும். அந்த எண்ணிக்கையைச் சொடுக்கினால் இன்னும் அசையும் கோட்டைத் தேர்ந்து காட்டும். அதைப் பிடித்து இழுத்தால் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும். போகும் திசையே விட்டுப்போன கன்ஸ்ட்ரெயின்ட் எது என்று சொல்லிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் பிளாக் என்ற கன்ஸ்ட்ரெயின்ட்டை, சாலிட்வொர்க்ஸில் ஃபிக்ஸ் என்பதை, எடுத்து அசைகிற எல்லாவற்றின் மேலும் போட்டுப் பச்சையாக்கிவிடுவார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடு இப்போது தற்செயலாக எங்கே நிற்கிறதோ அங்கேயே ஆணி அடிப்பது அது. 139.87 என்று நிற்கும் கோடு அப்படியே நின்றுவிடும், பச்சையாகவும் தெரியும். அடுத்து அளவை மாற்றுபவர் தலையில் அந்த முரண் வந்து விழும். இருக்கும் ஸ்கேன் படத்தின் மேல் வரையும்போது அதற்குப் பயன் உண்டு. இதுபோன்ற தகட்டில் இல்லை.

இன்னொரு மறைந்த தொல்லை: பார்க்க ஒட்டியிருக்கும், ஆனால் கோயின்சிடென்ட் இல்லாத முனைகள். ஜூம் செய்தாலும் இடைவெளி தெரியாது. பேட் கொடுக்கும்போது, அதாவது ஸ்கெட்ச்சுக்குத் தடிமன் கொடுத்துத் திடப்பொருளாக்கும்போது, மூடிய வடிவம் இல்லை என்று நிற்கும். ஸ்கெட்ச்சைச் சரிபார்க்கும் கருவி ஃப்ரீகேட்டில் இருக்கிறது. விட்டுப்போன கோயின்சிடென்ட்களை அது தேடிக் கொடுக்கும். ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோட்டை இழுத்தால் அடியில் இன்னொன்று தெரியும்.

9. மோட்டாரை மாற்றிப் பாருங்கள்

பச்சை வந்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்கெட்ச் சரியா என்று தெரிவது அளவை மாற்றும்போதுதான்.

ஐஸ் மெஷினுக்கு 2 எச்.பி. போதாமல் 3 எச்.பி. நான்கு போல் மோட்டார் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஃப்ரேம் 100எல் ஆகும். குறுக்கே 160, ஷாஃப்ட் வாக்கில் 140, கால் துளை 12. முதலில் ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள். 140-ஐ 160 ஆக்குங்கள், 125-ஐ 140 ஆக்குங்கள், ஆரம் 5-ஐ 6 ஆக்குங்கள். மூன்றே மாற்றம்.

ரெஃபரன்ஸ் அளவுகள் 240, 190 என்று வர வேண்டும். துளைகள் நான்கும் சமமாகப் பருத்து, மூலைகளில் நடுவாக நிற்க வேண்டும். மையம் நகர்ந்திருக்கக் கூடாது. விளிம்பு 25-இலேயே இருக்க வேண்டும். இதில் எது தவறினாலும், அதற்குரிய பகுதிக்குத் திரும்பிப் போங்கள்: தகடு வளரவில்லையா, 7-ம் பகுதியில் முழு நீளத்தைத் தட்டியிருக்கிறீர்கள், ஒரு துளை மட்டும் மெலிந்திருக்கிறதா, 6-ம் பகுதியின் ஈக்வல்.

தகட்டுக்கு வெளியே மாறுவதையும் மறக்க வேண்டாம். ஷாஃப்ட் விட்டம் 24-இலிருந்து 28 ஆகிறது, அதன் உயரம் 90-இலிருந்து 100 ஆகிறது. பழைய புல்லி ஏறாது. கால் போல்ட்டும் எம்8-இலிருந்து எம்10-க்குப் போகும்.

10. ஸ்கெட்ச்சில் வைக்கக் கூடாதவை

மூலை வளைவுகளை ஸ்கெட்ச்சில் போடாதீர்கள். பேட் கொடுத்த பிறகு திடப்பொருளின் விளிம்பில் ஃபில்லட் (வளைவு) போடுங்கள். ஸ்கெட்ச்சில் போட்டால் மூலைப்புள்ளி உடைந்து, 4-ம் பகுதியில் போட்ட சிமெட்ரிக் கையைவிட்டுப் போகலாம். ஸ்கெட்ச்சிலேயே வேண்டும் என்றால் மூலைப்புள்ளியைக் காக்கும் விருப்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நான்கு துளை என்பதால் நான்கையும் வரைந்தோம். சல்லடைத் தகடு மாதிரி நாற்பது துளை என்றால் ஒன்றை மட்டும் வரைந்து, பேட்டர்ன் வசதியால் பெருக்குங்கள். ஒரே ஸ்கெட்ச்சில் திணித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினி திணறும், தவறைத் தேடுவதும் பாடாகிவிடும்.

அடுத்தடுத்த ஸ்கெட்ச்களை முடிந்தவரை அடிப்படைத் தளங்களில் வையுங்கள். திடப்பொருளின் முகத்தில் ஒட்டினால், அந்த முகம் பின்னால் மாறும்போது ஸ்கெட்ச் இடம் தவறும் பிரச்சினை ஃப்ரீகேட்டில் நெடுநாள் இருந்தது. 1.0-இல் பெருமளவு குறைத்திருக்கிறார்கள், முழுக்கப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

11. லேசர் கட்டிங்குக்குக் கொடுக்கும் முன்

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலோ வேறெங்கோ வெட்டக் கொடுப்பதாக இருந்தால், அவர்களுக்கு வேண்டியது டி.எக்ஸ்.எஃப். (DXF) என்ற வரைபட ஃபைல். ஸ்கெட்ச்சைத் தேர்ந்து எக்ஸ்போர்ட் செய்யலாம். துணைக்கோடுகள் அதில் போகாது. மூலை வளைவு திடப்பொருளில் இருந்தால், ஸ்கெட்ச்சுக்குப் பதில் திடப்பொருளின் மேல்முகத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் வளைவில்லாத தகடு வெட்டி வரும்.

அனுப்பும் முன் அந்த ஃபைலைத் தனியாகத் திறந்து பாருங்கள். மூடிய வடிவங்கள் ஐந்து இருக்க வேண்டும்: வெளிவிளிம்பு ஒன்று, துளைகள் நான்கு. முழு அளவு 220-க்கு 175 வருகிறதா என்று அளந்து பாருங்கள். 25.4 மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் மி.மீ.-க்கும் இன்ச்சுக்கும் குழப்பம்.

லேசர் கீற்றின் அகலத்துக்காக நீங்களாகத் துளையைக் குறைக்க வேண்டாம். அதை வெட்டுபவர் தன் மெஷினில் ஈடுகட்டிக்கொள்வார். இரண்டு பேரும் ஈடுகட்டினால் போல்ட் இறங்காது. ஃபைலோடு ஒரு தாளில் தகட்டின் தடிமன், என்ன இரும்பு, எத்தனை எண்ணம், முழு நீளம், அகலம் ஆகியவற்றைக் கையால் எழுதிக் கொடுங்கள். வெட்டுபவர் திரையில் ஃபைலைத் திறந்ததும் முதலில் அந்தத் தாளின் நீள அகலத்தோடுதான் ஒப்பிடுவார்.